ஒரே இருப்பில் முடியும் கேம்கள்: இரண்டு மணித்தியாலத்துக்குக் காசு கொடுக்கலாமா?

2025 ஜனவரி 18, காலை. ஒரு வாசகத் தம்பியின் கேள்வி

இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும் கேமுக்கு 10 டொலர் கேட்கிறார்கள். எங்கள் இலங்கைக் காசில் கிட்டத்தட்ட 3000 ரூபாய். தள்ளுபடி நேரம் பார்த்தால் அதே காசுக்கு 100 மணித்தியாலம் ஓடும் கேம் கிடைக்கும். ஒரே இருப்பில், அதாவது இருந்த இடத்தில் இருந்து எழும்பாமல், முடியும் கேமை யாராவது காசு கொடுத்து வாங்குவீர்களா? வாங்கியவர்கள் காரணத்தைச் சொல்லுங்கள்.

ஜனவரி 18, இரவு 10.40. என் பதில்

நான் வாங்கியிருக்கிறேன். இனியும் வாங்குவேன்.

100 மணித்தியால கேம் என்னிடம் மூன்று இருக்கிறது. ஒன்றையும் முடிக்கவில்லை. ஒன்றில் 61 மணித்தியாலம் ஓடியிருப்பதாகக் கணக்குக் காட்டுகிறது, ஆனால் கதாநாயகனின் பெயர் இப்போது எனக்கு ஞாபகமில்லை. கடை பூட்ட ஏழு மணி. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட ஒன்பது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வரைதான் என் நேரம், அதுவும் கிழமைக்கு இரண்டு நாள் கிடைத்தால் பெரிய விஷயம். திங்கள் விட்ட கதையை வெள்ளி எடுத்தால் யார் யாருக்குப் பகை என்பதே மறந்திருக்கும்.

‘வட் ரிமெய்ன்ஸ் ஒப் ஈடித் பின்ச்’ 2017 இல் வந்த கேம். இரண்டு மணித்தியாலம். அந்த வீட்டின் படத்தைக் கீறு என்றால் இப்பவும் கீறுவேன். ஈடித் என்ற பெண் தன் குடும்பத்தின் பழைய வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். இறந்த ஒவ்வொருவரின் அறையும் அவர்கள் விட்டுப்போனபடியே அடைத்துக் கிடக்கிறது. அதில் லூயிஸ் என்று ஒருவன், மீனை ரின்னில் அடைக்கும் ஆலையில் வேலை. வலது கையால் மவுஸை இழுத்து மீனை எடுக்க வேண்டும், கத்திக்குக் கீழே கொண்டுபோய்த் தலையைத் துண்டாக்க வேண்டும், தட்டி விட வேண்டும். அடுத்த மீன் வரும். அதே நேரம் அவன் மனதில் ஒரு கற்பனை தொடங்குகிறது. திரையின் ஒரு மூலையில் சின்னப் படமாக ஒரு மனிதன் நடக்கிறான், அவனை இடது கையால் நடத்த வேண்டும். அந்தப் படம் மெல்ல மெல்லப் பெருத்து முழுத் திரையையும் மூடிவிடுகிறது. வலது கை மட்டும் பார்க்காமலே மீன் வெட்டிக்கொண்டிருக்கிறது.

நான் போன் திருத்துகிறவன். ஒரு நாளைக்கு எத்தனையோ போனுக்குத் திரை மாற்றுகிறேன். திருகாணி கழற்றும் கை ஓர் இடம், நான் வேறோர் இடம். எனக்குத் தெரிந்த அந்த விஷயத்தை ஒரு கேம் என் இரண்டு கைகளுக்கும் பிரித்துக் கொடுத்து விளங்கப்படுத்தியது அதுதான் முதல் தடவை. அதை ஐந்து நாளாக வெட்டி விளையாடியிருந்தால் எனக்கு விளங்கியிருக்காது.

ஜனவரி 20

கடையில் இருந்து அவசரமாக எழுதுகிறேன். தம்பி, “ஸ்டீமில் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துவிட்டுக் காசைத் திருப்பி வாங்கலாமே” என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம்தான். கேம் விற்கும் அந்த இணையக் கடையில் வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது இரண்டு மணித்தியாலத்துக்குள் என்றால் திருப்பித் தருவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எமிக்கா கேம்ஸ் என்று ஒரு சிறிய நிறுவனம் ‘சம்மர் ஒப் 58’ என்ற கேமை 2021 இல் வெளியிட்டது. விளையாடியவர்கள் நல்லது என்று எழுதினார்கள், ஆனால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிகிறது என்பதால் பெருந்தொகையானோர் காசைத் திருப்பி எடுத்துவிட்டார்கள். அந்தக் கேமைச் செய்தவர் கேம் செய்வதைக் காலவரையின்றி விடுகிறேன் என்று அறிவித்தார். சாப்பாட்டுக் கடையில் கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் காசைத் திருப்பிக் கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஜனவரி 21. ஒரு திருத்தம்

வேறொருவருக்குப் பதில் சொல்லும்போது ‘பயர்வொட்ச்’ இரண்டு மணித்தியாலம் என்று எழுதிவிட்டேன். பிழை. நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வரும். நான் அதை ஒரே இருப்பில் முடித்தது உண்மை, அதனால்தான் நேரம் குறைவாகத் தெரிந்திருக்கிறது. 1989, அமெரிக்காவில் வயோமிங் காடு. கோபுரத்தில் இருந்து காட்டுத் தீயைப் பார்க்கும் வேலைக்கு ஹென்றி என்று ஒருவர் வருகிறார். தூரத்துக் கோபுரத்தில் இருக்கும் டிலைலாவுடன் வோக்கிடோக்கியில் கதைப்பதுதான் கேமின் பாதி. குரல் மட்டும்தான். வெளிநாட்டில் உள்ள சொந்தங்களோடு வருடக்கணக்காகப் போனில் குரலாக மட்டுமே வாழ்ந்த எங்கள் ஊர் ஆட்களுக்கு அந்த உறவை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஜனவரி 21, பின்னும்

ஒரே இருப்பில் முடிப்பது புதுப் பழக்கம் இல்லை என்பதை எழுத மறந்தேன். போரால் மூடிக்கிடந்த, யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறந்த பிறகுதான் எங்கள் ஒழுங்கைக்கு முதல் ரிவி கேம் வந்தது. கொழும்பில் இருந்து வந்த சித்தப்பா கொண்டு வந்தார். அதில் மரியோ. 1985 இல் வந்த கேம், எங்களுக்குப் பதினேழு வருடம் பிந்திக் கிடைத்தது. சேமித்து வைக்கும் வசதி அதில் இல்லை. 32 கட்டம், முடித்தால் முடித்தது, இல்லையென்றால் திரும்ப முதலில் இருந்து. முதல் உலகத்தின் இரண்டாம் கட்டத்தில் கூரைக்கு மேலே ஏறி ஓடினால் நேரே நாலாம் உலகத்துக்குப் போகும் குழாய் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த பக்கத்து வீட்டு அண்ணாவை நாங்கள் ஒரு கிழமைக்குக் கடவுள் மாதிரிப் பார்த்தோம். அம்மா “காணும், நிப்பாட்டுங்கோ” என்று சொல்வதற்குள் முடிக்க வேண்டும். என் கைக்கு அந்த அவசரம் இன்னும் தெரியும்.

ஜனவரி 26

தம்பி காசு கொடுப்பதற்கு முன் ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறார். சரி. ‘பசேஜ்’ எடுங்கள். ஜேசன் ரோரர் 2007 இல் செய்தது, இலவசம். ஐந்தே நிமிடம். படம் 100 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். ஒரு வரிச்சட்டம் மாதிரி இருக்கும். நீங்கள் இடமிருந்து வலமாக நடக்கிறீர்கள். தொடக்கத்திலேயே ஒரு பெண் நிற்கிறாள். அவளோடு சேர்ந்தால் இருவராக நடப்பீர்கள், ஆனால் ஒடுங்கிய வழிகளுக்குள் நுழைய முடியாது, அங்கே உள்ள பெட்டிகள் கிடைக்காது. சேராவிட்டால் எல்லா வழியும் உங்களுக்கு. நடக்க நடக்க முடி நரைக்கிறது. இந்த ஐந்து நிமிடத்தை நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் 2012 இல் தன் சேகரிப்பில் எடுத்துக்கொண்டது. முதல் தடவை நான் பெட்டிகளுக்காகத் தனியே போனேன். இரண்டாம் தடவை போகவில்லை.

போனில் வேண்டுமென்றால் ‘புளோரன்ஸ்’. 2018, மெல்பேர்னில் செய்தது, முக்கால் மணித்தியாலம்கூட வராது. ஒரு பெண்ணும் ஒரு பையனும் முதல் தடவை சந்திக்கிறார்கள். பேச்சை நீங்கள் துண்டு துண்டாகப் பொருத்த வேண்டும். முதலில் துண்டுகள் நிறைய, சொல்லைத் தேடித் தடுமாறுகிற மாதிரி. பழகப் பழகத் துண்டுகள் குறைந்து கடைசியில் ஒரே துண்டு, வைத்தால் பேச்சு வந்துவிடும். பிறகு சண்டை வரும்போது துண்டுகளுக்குக் கூர் முளைக்கிறது. தங்கச்சி பஸ்ஸில் கொடிகாமம் போகும் வழியில் விளையாடினாள். சாவகச்சேரி தாண்டும்போது அழுததாகச் சொன்னாள்.

பெப்ரவரி 9, ஞாயிறு, இரவு

இன்றைக்கு நாடு முழுதும் கரண்ட் போனது எல்லோருக்கும் தெரியும். பாணந்துறையில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதாம். எனக்கு அது எந்த நேரத்தில் போனது என்பதைக் கேளுங்கள்.

காலை பதினொரு மணிக்கு ‘பிபோர் யுவர் ஐஸ்’ தொடங்கினேன். 2021 இல் வந்தது, ஒன்றரை மணித்தியாலம். இதில் விசையை அழுத்தி முன்னே போவதில்லை. லப்டொப் கமரா உங்கள் கண்ணைப் பார்க்கிறது. இறந்துபோன ஒருவன் படகில் ஏறித் தன் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கிறான், நீங்கள் கண் இமைத்தால் காலம் தாவிவிடும். அம்மா பியானோவுக்குப் பக்கத்தில் இருந்து ஏதோ சொல்ல வாய் எடுக்கிறார், கேட்க வேண்டும் என்று கண்ணைத் திறந்து வைத்திருக்கிறேன், கண்ணீர் முட்டுகிறது, எரிகிறது, தாங்க முடியாமல் இமைத்தேன். அம்மா அடுத்த வருடத்துக்குப் போய்விட்டார். சொல்ல வந்தது என்ன என்று இனி எனக்குத் தெரியாது.

அரை மணித்தியாலம் போயிருக்கும், மின்விசிறி நின்றது, லைட் அணைந்தது. வெயில் வராமல் யன்னல்களைப் பூட்டி வைத்திருந்தேன். அறை இருட்டு, கமராவுக்கு என் கண் தெரியவில்லை. யன்னலைத் திறந்தேன், காற்றோடு ஒழுங்கைப் புழுதியும் வந்தது. புழுதி பட்டு இமைத்த இமைப்புக்கெல்லாம் அந்தப் பிள்ளையின் சிறுவயது ஓடிப்போனது. நிறுத்திவிட்டேன். என் லப்டொப் பற்றரி நாற்பது நிமிடத்துக்கு மேல் தாங்காது, எப்படியும் முடிந்திருக்காது.

2022 ஞாபகம் வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அப்போது வெட்டு நேர அட்டவணையைக் குசினிச் சுவரில் ஒட்டி வைத்து, கரண்ட் இருக்கும் இடைவெளிக்குள் அடங்கும் கேமாகத் தேடி எடுத்தேன். உண்மையில் சிறிய கேமில் எனக்குப் பற்று வந்தது அந்த அட்டவணையால்தான். முதல் பதிவில் கடை, வேலை, நேரம் என்று சொன்னது பாதிக் காரணம்.

பெப்ரவரி 10

இன்றும் ஒன்றரை மணித்தியால வெட்டு. விட்ட இடத்தில் இருந்து தொடரலாம், கேம் சேமித்து வைத்திருக்கிறது. மனம் வரவில்லை.

பெப்ரவரி 15

‘பிபோர் யுவர் ஐஸ்’ முதலில் இருந்து தொடங்கி முடித்தேன். இரவு, மேசை விளக்கு முகத்துக்கு நேரே. தெரிந்த காட்சிகளில் கண்ணை எப்போது பிடித்து வைப்பது என்று பழகியிருந்தேன், பியானோக் காட்சியில் அம்மா சொல்ல வந்ததைக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டேன். முடிவைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். கமரா இருந்தால் விளையாடுங்கள். அன்று தடைப்பட்டது நல்லதுக்கா என்று யோசித்தேன். இல்லை. தடைப்படாமல் முதல் தடவையே போயிருந்தால் இழந்தது இழந்ததாகவே இருந்திருக்கும், அந்தக் கேம் கேட்பது அதைத்தான். இரண்டாம் தடவை நான் கொஞ்சம் களவு செய்துவிட்டேன்.

பெப்ரவரி 18

‘அன்பக்கிங்’ பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான்கு மணித்தியாலம் வரும், ஒரே இருப்பில் முடிக்கலாம் என்று முன்பு இன்னொரு பதிலில் சொன்னேன். அதையும் திருத்த வேண்டும்.

2021, பிரிஸ்பேனில் செய்தது. ஒரு பெண் 1997 முதல் 2018 வரை எட்டுத் தடவை வீடு மாறுகிறாள். ஆளை நீங்கள் பார்ப்பதே இல்லை. பெட்டியைத் திறந்து சாமானை எடுத்து வைப்பதுதான் கேம். தட்டில் வைத்தால் ஒரு சத்தம், மரத்தில் வைத்தால் வேறு சத்தம். பிழையான இடத்தில் வைத்தால் சிவப்புக் கோடு காட்டும்.

சனி இரவு கண் கேமை முடித்த பிறகு இதைத் திறந்தேன். அம்மா பால்த்தேத்தண்ணி கொண்டு வந்தவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். “உந்தப் புத்தகங்களை யன்னலடியில வை, வெளிச்சம் படட்டும்.” மவுஸ் என் கையில், வீடு அம்மாவின் கையில். முதல் அறைக்கு எனக்குப் பத்து நிமிடம் போதும், அம்மாவுக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. இரண்டாவது வீட்டை அடுத்த நாள் பார்ப்போம் என்று எழும்பிப் போய்விட்டார்.

நேற்று மூன்றாம் வீடு. பெட்டி பெட்டியாகச் சாமான் வந்துகொண்டிருந்தது. சின்ன வயதுப் பொம்மை, அதே கோப்பை, அதே அலாரம் மணிக்கூடு. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “இந்தப் பிள்ளைக்கு எல்லாச் சாமானும் வந்து சேருது.”

1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் ஊரே யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது, நாங்கள் நாவற்குழிப் பாலம் கடந்தோம். அப்போது எனக்கு ஐந்து வயது. அம்மா எடுத்தது காணி உறுதி, எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், தன்னுடைய சான்றிதழ்கள், எல்லாம் ஒரு பொலித்தீன் பைக்குள். ஒரு பையில் அரிசி. சைக்கிள் கரியரில் நான். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டில் அம்மியும் கிணற்றுக் கப்பியும் மட்டும் இருந்தன. பாரம் என்று விட்டுப்போனதால் அம்மி தப்பியது என்று அம்மா சொல்வார். இன்னும் அதில்தான் சம்பல் அரைக்கிறார்.

பெப்ரவரி 20

நாலாம் வீடு, 2010. விளையாடாதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போங்கள்.

பெண் தன் காதலனின் வீட்டுக்குக் குடிவருகிறாள். சுவரெல்லாம் அவனுடைய படங்கள், தட்டெல்லாம் அவனுடைய சாமான். இவளுடைய பட்டச் சான்றிதழை மாட்ட இடமில்லை. எங்கே வைத்தாலும் சிவப்புக் கோடு. கடைசியில் கட்டிலுக்கு அடியில் வைத்தேன், கேம் ஏற்றுக்கொண்டது. அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும். “படிச்ச பிள்ளையின்ரை சேட்டிபிக்கற்றைக் கட்டிலுக்குக் கீழ வைக்கிறதோ? வெளிக்கிடச் சொல்லு, வேற வீடு பாப்பம்.”

அடுத்தது 2012, அவள் திரும்பத் தாய் வீட்டுக்கு வருகிறாள். அதே பழைய அறை. ஒரு வார்த்தை இல்லாமல் இதை ஒரு கேம் சொல்கிறது, பொலித்தீன் பைக்குள் சான்றிதழ் சுமந்த ஒருவருக்கு அது உடனே விளங்குகிறது. மொழி தெரியாது, மவுஸ் பிடிக்கத் தெரியாது என்று நான் நினைத்திருந்த அம்மாவுக்கு என்னை விடக் கெதியாக விளங்கியது.

ஆகவே தம்பி, ‘அன்பக்கிங்’ ஒரே இருப்பு கேம் இல்லை. ஓர் இரவுக்கு ஒரு வீடு. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

மார்ச் 2, ஞாயிறு

‘வெண்பா’. 2023, ரொறன்ரோவில் தமிழர் ஒருவரின் தலைமையில் செய்த கேம். தமிழ்நாட்டில் இருந்து கனடா போன வெண்பா, அவளுடைய கணவன், மகன் கவின். 1988 இல் கதை தொடங்குகிறது. அம்மாவின் சமையல் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது, விடுபட்ட இடத்தை ஊகித்துச் சமைக்க வேண்டும். ஒன்றரை மணித்தியாலம் போதும். 2024 இல் சுயாதீன கேம்களுக்கான பெரிய விருதான ஐ.ஜி.எப். தலைமைப் பரிசு இதற்குத்தான் கிடைத்தது.

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் மச்சாள் தன் திரையைக் காட்டியபடி விளையாடினாள். இங்கே இரவு எட்டரை, அங்கே காலை பத்து. பிட்டுக் கட்டம் வந்ததும் விளையாட்டு நின்றது. கேமில் குழலில் அவிக்கிறார்கள். பின்னால் நின்ற மாமி “நீத்துப்பெட்டியில அவிச்சாத்தான் பிட்டு” என்றார். அம்மா இந்தப் பக்கத்தில் இருந்து “அங்க பனையோலைக்கு எங்க போறது, குழல்தான் சரி” என்றார். பிறகு மா எவ்வளவு கொத்த வேண்டும், தண்ணீர் கொதிதண்ணியா வெதுவெதுப்பா, தேங்காய்ப்பூ எப்போது சேர்ப்பது என்று இருவரும் இருபது நிமிடம் கதைத்தார்கள். மச்சாளின் ஒன்பது வயது மகன் தமிழ் கேட்பான், பதில் ஆங்கிலத்தில்தான். அவன் வந்து குழலுக்குள் மா போடும் வேலையைத் தான் செய்கிறேன் என்று மவுஸை வாங்கினான். “இப்ப தேங்காய்ப்பூவா?” என்று தமிழில் கேட்டான். மச்சாள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அம்மாவும் மாமியும் கவனிக்கவில்லை, அவர்கள் மாவில் இருந்தார்கள்.

ஒன்றரை மணித்தியால கேம் மூன்று மணித்தியாலம் எடுத்தது. ஆனால் ஒருவரும் எழும்பவில்லை. இதை ஒரே இருப்பு என்றே கணக்கு வைக்கிறேன்.

மார்ச் 5

‘ஜேர்னி’யை யாரும் சொல்லவில்லையே என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். நியாயம். 2012, இரண்டு மணித்தியாலம். வழியில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து சேர்வார். பெயர் தெரியாது, பேச முடியாது, ஒரு சின்ன ஒலி மட்டும் எழுப்பலாம். நான் 2020 ஊரடங்கில் விளையாடினேன். பனிமலையில் இருவரும் உறைந்து நடக்கும்போது ஒட்டி நின்றால் இருவரின் கழுத்துத் துணியும் ஒளிபெறும். பனியையே கண்ணால் காணாத நான் அந்த ஆளைத் தவறவிடக் கூடாது என்று நெஞ்சு பதற நடந்தேன். வீட்டு வாசல் தாண்ட முடியாத நாட்கள் அவை. முடிந்த பிறகுதான் கூட வந்தவரின் பெயரைத் திரையில் காட்டுவார்கள். ஏதோ எழுத்தும் எண்ணும். எழுதி வைத்திருக்கிறேன்.

‘எ ஷோர்ட் ஹைக்’ இதற்கு நேர் எதிர். 2019, ஒன்றரை மணித்தியாலம், ஒரு சின்னப் பறவை மலை உச்சிக்கு ஏறுகிறது, ஏனென்றால் அங்கேதான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். நாங்கள் மலை இல்லாத ஊர்க்காரர், கீரிமலைக்குப் பெயரில் மட்டும்தான் மலை. ஆனால் சிக்னலுக்காக மொட்டை மாடியின் ஒரு மூலையில் போய் நிற்கும் ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். இதை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். வழியில் எல்லோரோடும் கதையுங்கள்.

மார்ச் 12

தம்பி ‘ஈடித் பின்ச்’ வாங்கி முடித்துவிட்டாராம். இரவு இரண்டு மணிக்கு எழுதியிருக்கிறார். மீன் வெட்டும் இடத்தில் கை நின்றுவிட்டது என்கிறார். காசைத் திருப்பி எடுக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். சந்தோஷம். அடுத்தது என்ன என்று கேட்கிறார்.

‘பிரதர்ஸ்’ எடுங்கள். 2013, மூன்று மணித்தியாலம். இரண்டு சகோதரர்கள், இடது பெருவிரலுக்கு அண்ணன், வலது பெருவிரலுக்குத் தம்பி. முடிவு உங்கள் விரலில் நடக்கும், இதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஆனால் விசைப்பலகையில் விளையாடினால் அந்த இடம் பாழ். ஜொய்ஸ்டிக் கட்டாயம் வேண்டும். என்னிடம் பழையது ஒன்று இருக்கிறது, இடது பக்கக் குமிழ் கொஞ்சம் இளகி இருந்தது, நேற்று மாற்றிவிட்டேன். கடை ஞாயிறு பூட்டு. சனிக்கிழமை ஏழு மணிக்குள் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.